சலவன்பேட்டைச் சந்தில் ராத்திரி குதிரை ஓடும் சத்தம். யாருக்காவது தெரியுமா?

ஆரணி ஊசிநூல் கேட்டது

எல்லோருக்கும் வணக்கம். கிண்டல் செய்யாமல் பதில் சொல்லுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறான்.

எனக்குச் சொந்த ஊர் ஆரணி. பையன் படிப்புக்காக வைகாசியில்தான் வேலூருக்குக் குடி வந்தோம். வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை, வாரம் மாற்றி வாரம் நைட் ஷிப்டு. நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். சலவன்பேட்டை பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சந்து. பதினேழு வீடு. கீழ்முனையில் வேப்பமரம், மேல்முனையில் பாறை, அதற்கு மேல் வழி கிடையாது. மேலிருந்து மூன்றாவது வீடு எங்களுடையது.

வந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஆனி முதல் முகூர்த்தத்துக்கு ஒன்பது ஜாக்கெட் கொடுக்க வேண்டும். தையல் எல்லாம் முடித்துவிட்டு ஹூக் கட்டிக்கொண்டிருந்தேன். மணி இரண்டரை. ஃபேன் சத்தம் மட்டும்தான். அப்போது சந்தின் கீழ்முனையில் டக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொரு டக். அப்புறம் டக்டக் டக், டக்டக் டக் என்று வேகம் பிடித்து மேலே ஏறி வந்தது. எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. மேல்முனைக்குப் போய் ஒரு நிமிஷம் அங்கேயே காலை உதைப்பது போல் கேட்டது. கடைசியில் புஸ்ஸென்று ஒரு மூச்சு. அவ்வளவுதான், நின்றுவிட்டது. கதவைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் சத்தம் தெரியாதவள் இல்லை. எங்கள் அப்பா பட்டுத்தறி நெய்கிறவர். தறிச் சத்தத்தில் தூங்கி தறிச் சத்தத்தில் எழுந்தவள். தறிக்கு ஒரே தாளம். நாடா போகும், பலகை அடிக்கும், மறுபடி நாடா போகும். இது அப்படி இல்லை. உயிருள்ள ஒன்று ஓடினால்தான் இப்படித் திணறித் திணறி வேகம் கூடும் என்று என் காது சொல்கிறது.

பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். எண்பதைத் தொட்டவர். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "அதுவா? தொர. கோட்டையில வெட்டு குத்து ஆச்சே, அப்போ ஆற்காட்டுக்குச் சேதி சொல்லக் குதிரையில போனவரு. வழியிலயே செத்துட்டாரு. இன்னும் போயினுகீறாரு." அவருக்கு அவர் மாமியார் சொன்னாராம். சந்தில் எல்லோருக்கும் இந்தக் கதை தெரிகிறது. வீட்டுக்காரம்மா மட்டும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சத்தம் வந்தால் பாட்டியும் எழுந்து உட்கார்ந்துவிடுவார் போல, அவர் வீட்டில் விளக்கு எரிகிறது, என்னவோ உருட்டுகிற சத்தம் கேட்கிறது. அந்த வயதில் அவருக்கும் பயம்தானே.

என் பையன் நாலாம் வகுப்பு. அவனும் கேட்டுவிட்டான். இப்போது ராத்திரி பின்கட்டுக் கக்கூசுக்குத் தனியாகப் போக மாட்டேன் என்கிறான். என்னை எழுப்பவும் அவனுக்கு வெட்கம். இரண்டு முறை பாயில் போய்விட்டான். நான் திட்டவில்லை. இரண்டாவது முறை விடிவதற்குள் அவனே பாயைச் சுருட்டி வாளித் தண்ணீரில் நிற்க வைத்திருந்தான். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

அட்வான்ஸ் முப்பதாயிரம் கொடுத்திருக்கிறோம். வீட்டைக் காலி செய்வதா? இந்தப் பக்கம் வேறு யாராவது இந்தக் குதிரையைக் கேட்டிருக்கிறீர்களா? அப்படி ஒரு துரை நிஜமாகவே இருந்தாரா?

குடியாத்தம் தங்கச்சி

அக்கா, முதலில் பிள்ளைக்குத் தாயத்து கட்டுங்கள். எங்கள் வீட்டில் சின்னவளுக்கு இதே மாதிரி ராத்திரி பயம் இருந்தது. சிவராத்திரிக்கு மறுநாள் பாலாற்றில் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அம்மன் தேர் இறங்கி வருவதையும், வேஷம் கட்டி ஆடுகிறவர்களையும், கொழுக்கட்டை, சுண்டல் எல்லாம் சூறை விடுவதையும் பார்த்தாள். சுடுகாட்டிலேயே இவ்வளவு ஜனம் சந்தோஷமாக நிற்கிறதே என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதற்கப்புறம் பயப்படவில்லை. அதுவரை வெள்ளிக்கிழமை அங்காளம்மனுக்கு ஒரு எலுமிச்சம்பழ விளக்கு போடுங்கள். வீட்டைக் காலி செய்ய வேண்டாம்.

மொட்டைமாடிப் பறவை

பக்கத்தில் கூகை ஆந்தை குடியிருக்கிறதா பாருங்கள். மலையடிவாரத்துப் பழைய வீடுகளில் கூடு வைக்கும். குஞ்சுகள் ராத்திரி முழுக்கப் புஸ் புஸ்ஸென்று சீறும். நீங்கள் சொல்லும் மூச்சு அதுவாக இருக்கலாம். குளம்புச் சத்தத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

அகழிக்கரை வாத்தியார்

அம்மா, அந்தப் பாட்டி சொன்னதில் பாதி நடந்த விஷயம். அந்தப் பாதியைப் பையனுக்குச் சரியாகச் சொன்னால் மீதிப் பாதிக்குப் பயப்பட மாட்டான் என்று நினைக்கிறேன்.

1806 ஜூலை 10, விடிவதற்கு முன் வேலூர்க் கோட்டைக்குள் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றியில் குறி இடாதே, தாடியை எடு, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்று மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு அவர்களைக் கொதிக்க வைத்திருந்தது. திப்பு சுல்தானின் பிள்ளைகளும் அப்போது கோட்டைக்குள்தான் காவலில் இருந்தார்கள். கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஒரு வெள்ளை அதிகாரி ஆற்காட்டுக்குச் சேதி அனுப்பினார். பாட்டி சொல்லும் குதிரை அந்தக் குதிரைதான்.

ஆனால் அது போய்ச் சேர்ந்துவிட்டது அம்மா. அங்கிருந்து கில்லெஸ்பி என்கிற வெள்ளைத் தளபதி குதிரைப்படையோடு கிளம்பி வந்து, பீரங்கியால் கோட்டைக் கதவைத் தகர்த்து, அன்றைக்கே கோட்டையைத் திரும்பப் பிடித்துவிட்டார். வழியில் செத்த தூதன் யாரும் இந்தக் கதையில் இல்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். ஆற்காடு இங்கிருந்து கிழக்கே 25 கிலோமீட்டர். அவசரச் சேதி கொண்டு போகிறவன் பெரிய சாலையை விட்டுவிட்டு, பாறையில் முட்டி நிற்கும் சந்துக்குள் எதற்கு ஏறுவான்?

எனக்கு நீண்ட நாளாக ஒரு வருத்தம் உண்டு. கோட்டை பிடிபட்டதும் அரண்மனைக்குள் இருந்த சிப்பாய்களில் சுமார் நூறு பேரை இழுத்து வந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள், விசாரணை எதுவும் இல்லாமல். பிறகு விசாரித்துத் தண்டித்தவர்களில் சிலரைப் பீரங்கி வாயில் வைத்துச் சிதறடித்தார்கள். நாற்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், எத்தனையோ பேய்க் கதை கேட்டுவிட்டேன். துரை வருகிறார், துரைசாணி வருகிறாள், குதிரை வருகிறது. ஒரு சிப்பாய் வந்து நான் கேட்டதில்லை. ஆண்ட நாட்டுக்குத் திரும்பாமலே 1832இல் இங்கே இறந்த இலங்கைக் கண்டி ராஜாவும் வந்ததில்லை. நம் ஜனங்களின் வாயில் நிற்க அவர்களுக்கு ஏன் இடமில்லாமல் போனது என்று தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனைக் கோட்டைக்கு அழைத்துப் போங்கள். மக்கான் பக்கம் சிப்பாய்களுக்கு நினைவுத்தூண் இருக்கிறது, அதையும் காட்டுங்கள்.

குழாய்க்காரர்

மகளே, நான் வேறு ஊரில் 31 வருடம் குடிதண்ணீர் திறந்துவிட்ட ஆள். நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கீழேயிருந்து மேலே வருகிறது, போகப் போக வேகம் பிடிக்கிறது, மேல்முனையில் நின்று உதைக்கிறது, கடைசியில் மூச்சு விடுகிறது. எனக்குத் தெரிந்து இப்படி ஓடுவது ஒன்றுதான்.

உங்கள் சந்தில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை? எத்தனை மணிக்கு?

ஏன் கேட்கிறேன் என்றால், நாள் விட்டு நாள் தண்ணீர் விடும் ஊரில் மற்ற நாளெல்லாம் குழாய்க்குள் இருப்பது காற்று. வால்வைத் திறந்ததும் தண்ணீர் அந்தக் காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு ஓடும். வழியில் ஒவ்வொரு வீட்டுக் குழாயும் வரிசையாக இருமும், சீறும். அது உங்களுக்கே தெரியும், "காத்து வருது, குடத்தை வை" என்று சொல்வீர்களே. மேடேறும் குழாய் என்றால் அமுங்கின காற்று மொத்தமும் மேல்முனையில் போய் முட்டும். வெளியே போக வழி இல்லாவிட்டால் குழாயே வெடிக்கலாம். அதற்காகத்தான் மேட்டில் ஏர் வால்வு வைப்போம். உள்ளே ஒரு பந்து இருக்கும். காற்று வரும்வரை அது கீழே கிடந்து வழி விடும். தண்ணீர் வந்ததும் மிதந்து போய் வாயை அடைத்துக்கொள்ளும். பந்து உட்காரும் இடம் தேய்ந்துவிட்டால் அது நிலைகொள்ளாமல் மேலும் கீழும் அடிக்கும். அதற்கு மேல் இருக்கும் இரும்பு மூடி கோணிப் போயிருந்தால் அதுவும் சேர்ந்து குதிக்கும். இரும்பும் சிமெண்டும் மோதினால் லாடச் சத்தம்தான் கேட்கும். ராத்திரி இரண்டரைக்குக் கேட்டால் நானே எழுந்து உட்காருவேன்.

பகலில் சந்தில் இருக்கும் மூடி ஒவ்வொன்றிலும் காலை வைத்து அழுத்திப் பாருங்கள். எது ஆடுகிறது என்று சொல்லுங்கள்.

ஆரணி ஊசிநூல்

ஐயா, ஆறு நாளைக்கு ஒரு முறை வருகிறது. நேரம் கிடையாது. பெரும்பாலும் நடுராத்திரிக்கு மேல். மூன்று மூடி இருக்கிறது. வேப்பமரத்தடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மேல்முனையில் ஒன்று. மூன்றும் ஆடுகிறது, மேல்முனையில் இருப்பது ரொம்பவே ஆடுகிறது.

நீங்கள் சொன்னதைப் பாட்டியிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "தண்ணி வர்ற ராத்திரி அரைத் தூக்கமா கெடக்கறோம், அதனால காதுல வுழுது. மத்த நாள்ல கட்டையாட்டம் தூங்கினுகீறோம். அன்னிக்கு அவரு போறது யாருக்குத் தெரியும்?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கேட்பதும் சரிதானே?

குழாய்க்காரர்

சரியான கேள்வி. பாட்டியிடம் நான் பாராட்டியதாகச் சொல். அதற்கு ஒரே வழி, தண்ணீர் வராத ராத்திரியும் முழித்திருந்து கேட்க வேண்டும். ஒரு நாள் போதாது. கேட்டால் கேட்டது, கேட்காவிட்டால் கேட்கவில்லை, இரண்டையும் தேதி போட்டு எழுது.

ஆரணி ஊசிநூல்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். ஆடிக் கிருத்திகைக்கு மஞ்சள் ஜாக்கெட் மட்டும் இருபத்திரண்டு. தலை நிமிர முடியவில்லை. அதனால் ஒரு நன்மை, முழித்திருப்பதற்குத் தனியாகச் சிரமப்படவில்லை. பதினொரு ராத்திரி மூன்று மணி வரை தைத்தேன். அதில் தண்ணீர் வந்தது இரண்டு ராத்திரி. இரண்டிலும் குதிரை ஓடியது. மீதி ஒன்பதில் நாய் குரைத்தது, பூனை ஓடு தள்ளியது, குதிரை வரவில்லை.

இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது. பையனின் ரஃப் நோட்டில் கணக்கு சரியாக எழுதியிருக்கிறானா என்று புரட்டிக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குதிரைகள். ஐந்து. ஒவ்வொன்றுக்கும் மேலே வலது ஓரத்தில் தேதி, வீட்டுப்பாடத்துக்கு டீச்சர் போடச் சொல்கிற மாதிரியே. முதல் குதிரைக்குக் கால் நாலும் தெளிவாக இருக்கிறது. ஐந்தாவதில் பென்சிலை அழுத்தி அழுத்திப் பேப்பர் கிழிந்திருக்கிறது. அந்த ஐந்து ராத்திரியும் என் பிள்ளை தூங்காமல் இருட்டில் எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறான். பக்கத்தில்தான் நான் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தேன்.

சமையல்கட்டுக் காலண்டரில் தண்ணீர் வந்த நாளில் எல்லாம் "த" என்று குறித்து வைப்பேன். நோட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதுவரை ஏழு "த". ஐந்து குதிரையும் "த" போட்ட நாளில்தான். மீதி இரண்டில் ஒரு நாள் நாங்கள் ஆரணியில் இருந்தோம், இன்னொரு நாள் மத்தியானமே தண்ணீர் வந்துவிட்டது. பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தேடினான். நாலாவது குதிரைக்கும் "த" கிடைத்ததும் என் முகத்தைப் பார்த்தான்.

அடுத்த தண்ணீருக்கு வீட்டுக்காரருக்கும் பகல் ஷிப்டு. மூன்று பேரும் டார்ச் எடுத்துக்கொண்டு மேல்முனை மூடிக்கிட்டே போய் உட்கார்ந்தோம். இரண்டு மணிக்கு மேல் கீழே வேப்பமரத்தடியில் டக். அப்புறம் ஒவ்வொரு வீட்டுக் குழாயாகச் சீறிக்கொண்டே மேலே வந்தது. பையன் என் புடவையைப் பிடித்துக்கொண்டான். முதலில் மூடி அசையவில்லை. அதைச் சுற்றியிருந்த புழுதி மட்டும் ஊதிவிட்ட மாதிரி விலகியது. மூடி விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு வேப்பிலை எழுந்து நின்று விழுந்தது. அதற்கப்புறம் டக்டக் டக். மூடி ஒரு பக்கம் எழும்பி எழும்பி உட்காருவது டார்ச் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. அவனே போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்தான். "ம்மா, மூச்சு விடுதும்மா" என்றான். கடைசி மூச்சு விட்டுத் தண்ணீர் வந்து அடைத்துக்கொள்ளும்வரை கையை எடுக்கவில்லை. குழாய்க்கார ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அன்றையிலிருந்து பாய் நனையவில்லை.

வாத்தியார் ஐயாவுக்கும் சொல்ல வேண்டும். கோட்டைக்குப் போனோம். அகழியை எட்டிப் பார்த்தான், மதில் மேல் ஓடினான். நீங்கள் எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். தூண் பக்கத்தில் வந்ததும், "அந்த நூறு பேரோட பேர் என்னம்மா?" என்று கேட்டான். உங்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒன்றிரண்டு பேர் தெரிந்தாலும் எழுதுங்கள்.

அப்புறம் பாட்டி விஷயம். அந்த வாரமே வீட்டுக்காரர் பழைய டயர் டியூபை அறுத்து மூன்று மூடிக்கும் அடியில் சுற்றி வைத்தார். ஒரு சத்தம் இல்லை. அடுத்த தண்ணீர் ராத்திரி நிம்மதியாகத் தூங்கினோம். காலை ஆறு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். பாட்டி. இடுப்பில் காலிக் குடம்.

"இன்னாமா பண்ணீங்க? தொர வரல. தண்ணி வந்து போயே போச்சு, நாலு குடமும் காலி. எதுத்த வூட்லயும் புடிக்கல, மேல் வூட்லயும் புடிக்கல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ராத்திரி அவர் வீட்டில் விளக்கு எரிந்ததும் என்னவோ உருண்டதும் குடத்தை வரிசையில் வைக்கிற சத்தம். இத்தனை வருஷமாக இந்தச் சந்துக்கு அந்தக் குதிரைதான் அலாரம். நீங்கள் மட்டும் தெரிந்துகொண்டு எங்களிடம் துரை என்று சொன்னீர்களா பாட்டி என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "தொர வந்தா தண்ணி வரும்னுதான் எங்க மாமியார் சொன்னாங்க. நல்லவருன்னுதான் சொன்னாங்க. நீதான் பாதியக் கேட்டுட்டு ஓடிட்ட" என்றார். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். அன்றைக்கு அவர் கல் பொறுக்கி முடிப்பதற்குள் நான் எழுந்து வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் மிச்சமிருந்த குடத்தில் இரண்டை அவர் வீட்டில் ஊற்றிவிட்டு வந்தேன். அன்று சாயந்திரமே வீட்டுக்காரர் கீழ் மூடி, நடு மூடி இரண்டிலும் டியூபை எடுத்துவிட்டார். மேல் மூடியில் பாதியை மட்டும் விட்டு வைத்தார். போன வியாழன் தண்ணீர் வந்தது. வேகம் இல்லை, டக்... டக்... என்று மெதுவாக ஏறிப் போனது. நான் எழுவதற்குள் பையன் பின்கட்டில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தான், தனியாக. சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டியின் குரல் கேட்டது.

"இன்னிக்கு தொர குதிரைய நடத்தினு போறாருடா. வயசாயிடுச்சு போல."